அத்தையும் மைனஸ் 14-ம்

கடைப்பக்கம் வந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. ஓ.எம்.ஆர்.ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ் பொட்டியை மூடி வச்சுட்டு உக்காந்திருக்கேன். இது கேமரா பத்தின பதிவுதான். ஆனா பாதிக்கு மேல எங்க அத்தை வருவாங்க. கேமரா பிடிக்காதவங்க அத்தைக்காகப் படிங்க. அத்தையைப் பிடிக்காதவங்க... அப்படி யாரும் கெடையாது :-)

அத்தைன்னா அப்பாவோட அக்கா. சின்னமனூர்ல பொறந்து, கல்யாணம் முடிஞ்சு மேகமலை ஏறினவங்க. மணலாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல 32 வருஷம் கொழுந்து பறிச்சாங்க. எங்க ஊர்க்காரங்க பாதிப் பேரு இன்னும் அதை 'ஹைவேவிஸ்'னுதான் சொல்வாங்க. எனக்கு முழுப்பரீட்சை லீவுன்னா அத்தை வீடுதான். சின்னமனூர்ல பஸ் ஏறி, தென்பழனி செக்போஸ்ட் தாண்டி, 18 கொண்டை ஊசி வளைவு. அஞ்சாவது வளைவுலயே வாந்தி எடுத்துட்டு, மீதி 13-க்கும் கண்ணை மூடிட்டுப் போவேன். கண்ணைத் தொறந்தா சுத்தியும் வெள்ளையா மேகம், நடுவுல அத்தை நிப்பாங்க.

போன அக்டோபர் கடைசியில அத்தைக்கு வேலையில கடைசி நாள். 58 முடிஞ்சது. லைன் வீட்டையும் பிப்ரவரிக்குள்ள காலி பண்ணிக் கொடுக்கணும். மச்சான் (அத்தை மகன்) திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அவனுக்கு லீவு கெடைக்கல. "நீயாச்சும் போய் நாலு படம் எடுத்துட்டு வாடா"ன்னான். அப்பதான் நான் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தேன். கூடவே தனியா ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். கம்பெனி பேரு வேணாம். ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

அன்னைக்கு நல்ல மூடுபனி. லைன் வீட்டு வாசல்ல, கதவு நிலையில சாஞ்சு, முகத்தை லேசாத் திருப்பி, தலையில இன்னும் கூடைக் கயிறோட அத்தை நின்னாங்க. வெளிச்சம் கம்மி. லென்ஸை முழுசாத் தொறந்து எஃப் 1.8-ல வச்சு, ஃபோக்கஸ் புள்ளியைச் சரியா கண்ணு மேல வச்சு எடுத்தேன். அறுபது படம் இருக்கும். கேமரா முதுகுல இருக்கிற குட்டித் திரையில எல்லாம் பிரமாதமா இருந்துச்சு. அந்தத் திரை சொல்ற பொய்யை நம்பி நாசமாப் போனவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லைன்னு தெரியும் :-(

ராத்திரி சின்னமனூர் வந்து மடிக்கணினியில பெருசு பண்ணிப் பார்த்தா, ஒரு படத்துலயும் கண்ணு தெளிவா இல்ல. சுத்தமா மங்கல்னு சொல்ல முடியாது, சோப்பு தண்ணி பட்ட கண்ணாடி மாதிரி. அறுபதும் அப்படித்தான். உடனே போன் போட்டு, "அத்தை, ஆடாம இருங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்? எல்லாம் போச்சு"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், "நா ஆடவே இல்ல மருமகனே. சரிவுல நின்னு முப்பத்திரண்டு வருசம் கொழுந்து எடுத்தவ. ஆடியிருந்தா என்னைக்கோ உருண்டிருப்பேன்"னாங்க.

நான் நம்பல. பனி, கை நடுக்கம், கம்மி வெளிச்சம், அத்தைன்னு ஒரு பட்டியல் போட்டு எல்லார் மேலயும் பழியைப் போட்டேன். பட்டியல்ல கேமரா பேரு இல்ல. காசு கொடுத்து வாங்கினதாச்சே!

சென்னை வந்து ரெண்டு வாரம் கழிச்சு, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்ப்போம்னு தொறந்தப்பதான் ஒண்ணு உறைச்சது. அத்தை காதுத் தோட்டுல இருக்கிற கல்லை ஒண்ணு ஒண்ணா எண்ண முடியுது. காதோரம் நரைச்ச முடி இழை இழையா இருக்கு. அத்தையோ என் கையோ ஆடியிருந்தா எல்லாமே சேர்ந்து இழுத்துக்கிட்டு இருக்கணும், தோடும் உட்பட. இங்க ஏதோ ஒண்ணு சுத்தமாத் தெளிவா இருக்கு, ஆனா அது நான் சொன்ன இடம் இல்ல. அறுபது படத்துலயும் தெளிவு கண்ணுக்குப் பின்னாடிதான் விழுந்திருக்கு.

அதாவது, கேமரா தப்பு பண்ணியிருக்கு. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே தப்பை.

இங்க கொஞ்சம் தொழில்நுட்பம். டி.எஸ்.எல்.ஆர்.ல லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் முன்னாடி இருக்கிற கண்ணாடியில பட்டு, பெரும்பகுதி மேல வ்யூஃபைண்டருக்குப் போயிடும். அந்தக் கண்ணாடி நடுவுல கொஞ்சம் வெளிச்சத்தைக் கசிய விடும். அதை இன்னொரு குட்டிக் கண்ணாடி கீழே திருப்பி, கேமராவோட தரையில இருக்கிற ஃபோக்கஸ் சென்சாருக்கு அனுப்பும். லென்ஸோட ரெண்டு ஓரத்துலேர்ந்து வர்ற பிம்பம் எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பணும்னு அது கணக்குப் போடும். இதுக்குப் பேரு ஃபேஸ் டிடெக்‌ஷன். 1985-ல வந்த மினோல்ட்டா 7000 இந்த முறையை கேமரா உடம்புக்குள்ளயே வச்சு பெரிய ஹிட் ஆச்சு. அது எங்க காப்புரிமைன்னு ஹனிவெல் கம்பெனி கேஸ் போட்டு, 1992-ல மினோல்ட்டா 12 கோடி டாலருக்கு மேல கொடுத்து சமாதானம் ஆனதெல்லாம் தனிக் கதை.

சிக்கல் எங்கன்னா, ஃபோக்கஸ் அளக்கற இடம் ஒண்ணு, படம் பதியற இடம் வேற. லென்ஸ்லேர்ந்து ரெண்டுக்கும் உள்ள தூரம் இம்மி பிசகாம ஒண்ணா இருக்கணும். கேமராவுல கொஞ்சம் பிசகு, லென்ஸ்ல கொஞ்சம் பிசகு. தனித்தனியாப் பார்த்தா ரெண்டுமே கம்பெனி அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கும். ஜோடி சேர்த்தா ரெண்டு பிசகும் ஒரே பக்கம் கூடிப்போச்சுன்னா முடிஞ்சது கதை. ஜாதகம் ரெண்டும் நல்லா இருந்தும் பொருத்தம் இல்லாத கேஸ். இதுக்குத்தான் கம்பெனி பேரு வேணாம்னேன். யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

பதினொண்ணாவது இயற்பியல் லேப் ஞாபகம் இருக்கா? வெர்னியர் காலிப்பரைக் கையில கொடுத்ததும் வாத்தியார் கேக்குற முதல் கேள்வி, "ஜீரோ எர்ரர் பார்த்தியா?" தாடை ரெண்டையும் ஒட்டி வச்சாலும் பூஜ்யம் காட்டலைன்னா, அந்தப் பிசகைக் குறிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு அளவுலயும் கழிக்கணும். கருவியைத் தூக்கிப் போட வேணாம், பிசகு எவ்வளவுன்னு தெரிஞ்சாப் போதும். அப்புறம் இன்ஜினியரிங்ல நாலு வருஷம் துல்லியத்துக்கும் சரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினேன். அறுபது படமும் ஒரே இடத்துல தப்பா விழுந்தா அது துல்லியம். ஆனா சரி இல்ல. ஒரே மாதிரி தப்புற கருவியைத் திருத்திடலாம், தப்பு நேரத்துக்கு ஒரு மாதிரி மாறுனாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.

கேமராக்காரங்களும் இந்த ஜீரோ கரெக்‌ஷனை உள்ளயே வச்சிருக்காங்க. 2007-ல கேனான் 1டி மார்க் 3, நிக்கான் டி3, டி300-லேர்ந்து வர ஆரம்பிச்சது. ஒருத்தர் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்ம்பாங்க, இன்னொருத்தர் ஃபைன் ட்யூன்ம்பாங்க. ரெண்டுலயும் மைனஸ் 20-லேர்ந்து ப்ளஸ் 20 வரைக்கும். மைனஸ் போனா ஃபோக்கஸ் கேமராவை நோக்கி முன்னாடி வரும், ப்ளஸ்ல பின்னாடி போகும். ஆரம்ப நிலை மாடல்கள்ல பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. சர்வீஸ் சென்டர்தான் கதி.

இதுக்குன்னே விலை கொடுத்து சார்ட் வாங்கலாம். நான் தம்பியோட பழைய ஜியோமெட்ரி பாக்ஸைத் தூக்கினேன். 45 டிகிரி மூலைமட்டம், 30 செ.மீ. ஸ்கேல், ஒரு பிஸ்கட் டப்பா, அதுல ஒட்ட பெரிய எழுத்துத் தலைப்பு உள்ள நாளிதழ்த் துண்டு. டப்பா கேமராவுக்கு நேரா, கொஞ்சம் கூட சாயாம நிக்கணும். பக்கத்துல ஸ்கேல் 45 டிகிரி சரிவுல, நடு கோடு டப்பா முகத்துக்கு நேரா. தூரம், லென்ஸோட மி.மீ.யை 25-ஆல பெருக்கினா 1.25 மீட்டர். 50 மடங்குன்னு சொல்றவங்களும் உண்டு. அத்தையை நான் எடுத்தது ஏறக்குறைய 1.25-லதான். நாம அதிகமா எடுக்குற தூரத்துல பார்க்கறதுதான் உத்தமம்.

முக்காலியில கேமரா, நடுப் புள்ளி மட்டும், லென்ஸ் முழுத் திறப்பு, ரெண்டு செகண்ட் டைமர். டியூப் லைட்டை நம்பாம ஜன்னல் வெளிச்சம். ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் ஃபோக்கஸை வேணும்னே கலைச்சு விட்டு, மறுபடி கேமராவையே தேட விடணும். ஒவ்வொரு எண்ணுக்கும் குறைஞ்சது மூணு படம்.

பூஜ்யத்துல எடுத்தா, தெளிவு ஸ்கேல்ல 6 செ.மீ. பின்னாடி விழுது. 45 டிகிரி சரிவுங்கறதால 0.707-ஆல பெருக்கணும். நிஜத்துல 4.2 செ.மீ. இந்த லென்ஸுக்கு அந்தத் தூரத்துல எஃப் 1.8-ல தெளிவாத் தெரியற ஆழமே மொத்தம் 4.3 செ.மீ.தான். நடுவுலேர்ந்து முன்னாடி பாதி, பின்னாடி பாதி. 4.2 தள்ளிப் போச்சுன்னா கண்ணு அந்த எல்லைக்கு வெளியே, தோடு உள்ளே. கணக்கு அப்படியே அத்தை முகத்துல போய் உக்காருது!

அதே டப்பாவை லைவ் வ்யூல எடுத்தா டப்பா எழுத்து பளிச். லைவ் வ்யூல படம் பதியற சென்சாரே ஃபோக்கஸும் பார்க்குதுல்ல, அங்க பாதை ஒண்ணுதான். ஆக, லென்ஸோட கண்ணாடியில குறை இல்ல. அளக்கற பாதையிலதான் பிசகு. (இப்ப வர்ற மிரர்லெஸ் கேமராக்கள்ல எப்பவுமே இப்படித்தான், அதனால இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்ல. என்கிட்ட இருக்கறது பழைய சாமான்.)

மைனஸ் 5, மைனஸ் 10, மைனஸ் 15. பதினஞ்சுல லேசா முன்னாடி வந்துடுச்சு. மைனஸ் 14-ல ஸ்கேலோட நடு கோடு கத்தி மாதிரி. சேவ் பண்ணிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். சந்தோஷத்துல இல்ல. அத்தை ஆடவே இல்ல. அதைத்தானே அவங்க சொன்னாங்க?

பிப்ரவரியில வீட்டைக் காலி பண்ற அன்னைக்கு மறுபடி மலை ஏறினேன். மச்சானும் வந்திருந்தான். இந்தக் காடெல்லாம் 2021-லேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், நாட்டுல 51-வது. வழியில இருவாச்சி கண்ணுல படுமான்னு பார்த்துட்டே போனேன், படல. மச்சானுக்கு வௌவால் கதை சொன்னேன். 1948-ல ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு தோட்டக்காரர் இதே ஹைவேவிஸ்ல ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துச் சேகரிப்புல, ஊர்ல எங்கயும் பார்க்கற சாதாரண வௌவால்னு சீட்டு ஒட்டி 24 வருஷம் கெடந்துச்சு. 1972-ல கிட்டி தொங்லோங்யாங்கற தாய்லாந்து விலங்கியலாளர்தான் உத்துப் பார்த்து, இது புது இனம், பேரினமே புதுசுன்னு சொல்லி சாலிம் அலி பேரை வச்சார். "24 வருசமா எவனும் சரியாப் பார்க்கலையா?"ன்னான் மச்சான். ஏற்கனவே சீட்டு ஒட்டியிருந்தா யாருடா மறுபடி பார்ப்பான்னேன். பெரிய ஞானி மாதிரி சொன்னேன். அடுத்த ஒரு மணி நேரத்துல எனக்கே ஆப்பு.

முதல்ல அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டேன். மடிக்கணினியில அக்டோபர் படத்தைப் பெருசாக் காட்டி, "நீங்க ஆடல அத்தை, கேமராதான் தப்பு, பாருங்க கண்ணு எப்படி மங்கலா இருக்கு"ன்னேன். அத்தை கிட்ட வந்து பார்த்துட்டு, "நல்லாத்தேன இருக்கு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு"ன்னாங்க. என்னைச் சமாதானப்படுத்த சொல்றாங்கன்னு நெனச்சேன்.

அதே கதவு நிலை. அதே எஃப் 1.8. சாமானெல்லாம் வெளிய எடுத்துட்டதால வீடு காலியா, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமா வந்துச்சு. எடுத்த கையோட மடிக்கணினியில போட்டுப் பார்த்தேன். இமை முடி, புருவம், கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா வலது கண்ணுல, நடுக் கறுப்பு மட்டும் சாம்பல் பூத்த மாதிரி. அட கடவுளே, இன்னும் பிசகு இருக்கு போலன்னு ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்தேன். (ஆமா, கையோட கொண்டு போயிருந்தேன். சிரிக்காதீங்க.) வெளிய கட்டி வச்ச டிரங்குப் பெட்டி மேல ஸ்கேலை நிறுத்தி மூணு படம். நடு கோடு கத்தி மாதிரி. லைவ் வ்யூலயும் அத்தையை எடுத்தேன். அதுலயும் சாம்பல் அங்கயேதான் இருந்துச்சு.

கருவி சரி. அப்ப படம் காட்டுறது நிஜம்.

"அத்தை, வலது கண்ணு தெரியுதா உங்களுக்கு?"

"அது ஒரு வருசமாவே மேகம் எறங்குன மாதிரிதேன் இருக்கு. மலையில இருக்கவளுக்கு மேகம்தேன தெரியும்னு விட்டுட்டேன்."

அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. கடைசி வருஷம் கொழுந்தோட முத்தின இலை கலந்துடுச்சுன்னு எடை போடற எடத்துல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினது. "கண்ணு அவிஞ்சு போச்சா"ன்னு கேட்டது. "நா பாத்துத்தேன் பறிச்சேன்னு சொன்னேன், ஆரு நம்புறா?"ன்னாங்க. மச்சான் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நானும்தான். 'ஆடாம இருங்கன்னு சொன்னேன்ல'ன்னு போன்ல கத்தினவன் நான்.

மார்ச்ல தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சது, தேனியில 1985-லேர்ந்து இருக்கு. கண்புரைதான், ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைக்கணும்னாங்க. அதுக்கு முன்னாடி கண்ணோட நீளத்தை அளக்கறாங்க மக்களே! பெரியவங்க கண்ணு முன்னேயிருந்து பின்னே சுமார் 23, 24 மி.மீ. அதையும் கருவிழியோட வளைவையும் அளந்துதான் எந்தப் பவர் லென்ஸ் வைக்கணும்னு கணக்குப் போடறாங்க. நீளத்தை 1 மி.மீ. தப்பா அளந்தா பவர் ரெண்டரை டயாப்டர் கிட்ட தப்பிடும். பிம்பம் விழித்திரை மேல விழாம முன்னாடியோ பின்னாடியோ விழும். எனக்கு இதை வேற யாரும் விளக்கவே வேணாம். பிஸ்கட் டப்பாவும் ஸ்கேலும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒரே வித்தியாசம், உள்ள வைக்கிற லென்ஸ் ஃபிக்ஸட் ஃபோக்கஸ், பின்னாடி மெனுவுல போய் மைனஸ் 14 போட முடியாது. அதனால முதல்லயே சரியா அளக்கறாங்க.

போன வாரம் சின்னமனூர் போயிருந்தேன். அத்தை திண்ணையில உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கிட்டு இருந்தாங்க. கிட்டப் பார்க்க மட்டும் ஒரு கண்ணாடி. மடிக்கணினியில அக்டோபர் படத்தை அழிக்காம வச்சிருந்தேன். சும்மா காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டு, மறுபடி பார்த்தாங்க.

"ஏப்பா, இதென்ன இம்புட்டு மங்கலா எடுத்து வச்சிருக்க? தோடு மட்டுந்தேன் தெரியுது!"

"நீங்க ஆடிட்டீங்க அத்தை"ன்னேன்.

கையில இருந்த முறத்தாலயே ஒண்ணு விழுந்துச்சு :-)